கழற்றி மாட்ட முடிகிற வண்டியே உழவனுக்குச் சொந்தம்

நம் கூட்டங்களில் விதை, மண், சந்தை என்று பேசி முடித்துவிட்டு டீ குடிக்க ஒதுங்கும்போது, இளைஞர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி வேறாக இருக்கிறது. "ஐயா, நீங்க பேங்க்ல இருந்தவரு. மலைத் தோட்டத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். லோன் போட்டா தாங்குமா?" என்கிறார்கள். நிலம் மலையடிவாரத்தில் இருக்கும். ஓடை தாண்டிப் போகணும். மழை பெய்தால் பைக் ஏறாது. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. வருஷத்தில் எத்தனை நாள் அந்த நாலு சக்கர இழுவை உங்களுக்கு உண்மையிலேயே வேணும்? வண்டி நின்று போனால் அதைத் திறந்து பார்க்க உங்கள் ஊரில் ஆள் இருக்கா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஷோரூம் பக்கம் போகக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, இந்த வண்டிகள் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த கதை

1940-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஐரோப்பாவில் போர் முற்றிவிட்டது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. எடை குறைந்த, நாலு சக்கரமும் இழுக்கிற வேவு வண்டி ஒன்று வேண்டும், முதல் மாதிரியை 49 நாளில் தர வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய கம்பெனிகள் பின்வாங்கின. பென்சில்வேனியா மாநிலத்தில் நொடித்துப் போகிற நிலையில் இருந்த பான்டம் என்ற சின்னக் கம்பெனி துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களில் வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவ முகாமுக்குள் ஓடி வந்து நின்றது.

சின்னக் கம்பெனியால் ராணுவம் கேட்கிற எண்ணிக்கையைக் கொடுக்க முடியாது என்று, வேலை வில்லீஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்குப் போனது. போர் முடிவதற்குள் இருவருமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு கம்பெனி வண்டிகளும் ஒரே வரைபடத்தில் செய்யப்பட்டவை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும். போர்க்களத்தில் அடிபட்டுக் கிடக்கிற ஒரு வண்டியிலிருந்து கழற்றி, ஓடுகிற வண்டியில் மாட்டிக்கொண்டு போகலாம். அந்த வண்டியின் முரட்டுத்தனம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இரும்பின் கனம் மட்டும் காரணமில்லை.

போர் முடிந்ததும் வில்லீஸ் கம்பெனி யாரிடம் போனது தெரியுமா? உழவர்களிடம். 1945-இல் வந்த சி.ஜே. 2ஏ என்ற ஜீப்பில், டிராக்டரில் இருப்பது போல பி.டி.ஓ. பொருத்திக்கொள்ளலாம். கலப்பை இழுக்கும், பம்பு ஓட்டும், ரம்பம் சுற்றும், அப்புறம் குடும்பத்தோடு டவுனுக்கும் போய் வரும் என்று சொல்லி விற்றார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதை. ரோவர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் மாரிஸ் வில்க்ஸுக்கு ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. போரில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, உழவர்களுக்கென்று தாமே ஒரு வண்டி செய்யலாம் என்று தோன்றியது. அப்போது அங்கே இரும்புத் தகட்டுக்கு ரேஷன். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வந்தது. அதிலும் பி.டி.ஓ. வசதி உண்டு.

ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் என்பவர் வடிவமைத்த யூனிமாக் இன்னும் ஒரு படி மேலே. அதன் சக்கர இடைவெளி 1270 மில்லிமீட்டர். இரண்டு வரிசை உருளைக்கிழங்கின் அகலம் அது. பயிரின் வரிசையை அளந்துவிட்டு வண்டியைச் செய்திருக்கிறார்கள்! இன்றைக்கு வண்டி விளம்பரங்களில் பாறை மேல் ஏறுவதையும் மணல்மேட்டில் பாய்வதையும் காட்டுகிறார்கள். உருளைக்கிழங்கு வரிசையை யார் காட்டுகிறார்கள்?

நம் மலைக்கு வந்த ஜீப்

இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தது மகிந்திரா. 1945-இல் மகிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் இரும்பு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி அது. பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-இல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லீஸ் ஜீப்பைப் பாகம் பாகமாகக் கப்பலில் இறக்கி பம்பாயில் பூட்டி விற்றார்கள். 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு சேர்ந்து டிராக்டர் செய்யவும் தொடங்கினார்கள். பிறகு அந்த டிராக்டர் வழியில் வந்த டீசல் இன்ஜினே ஜீப்புக்குள் ஏறியது. அதற்கப்புறம் பெஜோ டீசல் இன்ஜின் வந்தது.

இதனால் நமக்கு ஒரு லாபம் கிடைத்தது. டிராக்டர் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஜீப்பும் புரிந்தது. ஊருக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு இரண்டு பையன்கள் என்று தொழில் பரவியது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பழனி மலையில் காபி மூட்டையும் மலைவாழைத் தாரும் ஜீப்பில்தான் இறங்குகின்றன. ஜீப்பும் ஏறாத தடத்தில் இன்றைக்கும் குதிரைதான். பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் கீழே கொண்டுவந்து சேர்க்கிற வண்டியும் பல மலையூர்களில் அந்த ஜீப்தான். ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது சாகசம். மலை மக்களுக்கு அது பஸ், லாரி, ஆம்புலன்ஸ் மூன்றும்.

பதினோரு வருஷ அனுபவம்

நான் ஓய்வு பெற்று மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர் தோட்டம் வாங்கியபோது, ஒரு எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் ஜீப்பையும் வாங்கினேன். பதினோரு வருஷமாக அது ஓடுகிறது. வங்கிப் பழக்கம் விடவில்லை, அதற்கும் ஒரு லெட்ஜர் வைத்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் மூன்று முறை, ஹெட் கேஸ்கட் ஒரு முறை, ஸ்பிரிங் பட்டை இரண்டு முறை, சக்கர பேரிங், பிரேக் சிலிண்டர், செல்ஃப் மோட்டார் என்று வரிசையாக இருக்கிறது. வயசான வண்டிக்கு வருகிற வழக்கமான வேலைதான். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வேலைக்குக்கூட வண்டியை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோனதில்லை. பாகம் கிடைக்காதபோது லேத் பட்டறையில் ஒரு புஷ்ஷைக் கடைந்து போட்டு ஓட்டியிருக்கிறோம்.

அந்த ஜீப் மெத்தென்று போகாது. மழை உள்ளே வரும். ஸ்டியரிங் கனம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. காற்றுப் பை கிடையாது, வழுக்கலில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற பிரேக் கிடையாது. பாதுகாப்பில் புது வண்டிகள் பல மடங்கு மேல் என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் என் ஜீப்பில் ஆட்களை நெருக்கி ஏற்றுவதில்லை, இருட்டிய பிறகு அவசரம் இல்லாமல் எடுப்பதில்லை.

அடுத்த தோட்டத்து நண்பர் புது வண்டி எடுத்தார். நல்ல வண்டி. இரண்டாம் வருஷம், வாழைத்தார் வெட்டிப் போட்ட அன்று, முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது கம்ப்யூட்டர் சொன்னாத்தான் கேக்கும். என் கையில ஸ்பேனர்தான இருக்கு" என்று மூடிவிட்டார். வண்டியை இழுத்துக்கொண்டு போய் நகரத்தில் விட்டார்கள். கோளாறு ஒரு சின்ன சென்சார். சில ஆயிரம் ரூபாய். ஆனால் வண்டி திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. தார் பழுத்து உதிர்ந்தது தனிக்கணக்கு.

முப்பது வருஷ அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டி வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது. சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சென்சாரைச் சோதிக்கிற கருவியையும் விவரத்தையும் அவருக்குத் தராமல் பூட்டி வைப்பதைத்தான் கேள்வி கேட்கிறேன். விதை விஷயத்தில் நாம் என்ன சொல்கிறோம்? எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடிந்தால்தான் அது நம் விதை என்கிறோம். வண்டிக்கும் அதே நியாயம்தான். ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இருக்கலாம். திறந்து பழுது பார்க்க நமக்கும் நம் ஊருக்கும் வழியில்லை என்றால், அது பாதிதான் நமக்குச் சொந்தம்.

பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவோம்

ஷோரூமில் "வண்டி விலை எவ்வளவு?" என்று நாம் கேட்போம். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். கேள்வி மாறிய அந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். வண்டிக்கு 14 லட்சம் ரூபாய் ஆகிறது, 4 லட்சம் கையிலிருந்து போடுகிறீர்கள், 10 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9.5 சதவீதம், தவணை 7 வருஷம். மாதத் தவணை சுமார் ரூ.16,340. ஏழு வருஷத்தில் கட்டுவது ஏறக்குறைய ரூ.13.73 லட்சம். வட்டி மட்டும் ரூ.3.73 லட்சம். ஒரு வருஷத் தவணை ரூ.1.96 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று வருஷம் ரூ.40,000 சேர்த்தால் ரூ.2.36 லட்சம்.

இப்போது என் முதல் கேள்விக்கு வாருங்கள். என் லெட்ஜரில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிய நாளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். மலைத் தோட்டம் வைத்திருக்கிற எனக்கே வருஷத்தில் 70 நாளைத் தாண்டியதில்லை. ரூ.2.36 லட்சத்தை 70-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ரூ.3,370. டீசல் தனி. ஏழு வருஷம் கழித்து வண்டியை விற்று வருகிற பணம், நீங்கள் முதலில் போட்ட 4 லட்சத்துக்கு ஈடு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு இதுதான். உங்கள் பக்கத்தில் வாடகை ஜீப் ஒரு நடைக்கு என்ன கேட்கிறார்கள் என்று இந்த எண்ணின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடிவு தானாகத் தெரியும்.

இன்னொன்று. பயிர்க்கடனையோ விவசாய நகைக்கடனையோ எடுத்து வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதத்துக்குக் கிடைக்கிற பணம், காலத்தில் கட்டினால் 4 சதவீதமாகக் குறைகிறது. அது மண்ணுக்கு வந்த பணம். அதைச் சக்கரத்தில் சுற்றவிட்டால், அறுவடைக்கு வட்டிச் சலுகையும் போகும், அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைக்காது. மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாலு பேருக்கு ஒரு வண்டி

எங்கள் சரிவில் நாங்கள் நாலு குடும்பம் ஆறு வருஷமாக அந்த ஒரு ஜீப்பையே பயன்படுத்துகிறோம். குடும்பத்துக்கு மாதம் ரூ.1,000, வருஷத்துக்கு ரூ.48,000. இன்சூரன்ஸும் பழுதும் அதில் அடங்கிவிடுகின்றன, சில வருஷம் மிச்சமும் ஆகிறது. டீசல் அவரவர் போட்டுக்கொள்வது. யார், எத்தனை கிலோமீட்டர், என்ன சத்தம் கேட்டது என்று ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். ஆரம்பத்தில் "இதுக்கெல்லாம் நோட்டா சார்?" என்று சிரித்தார்கள். சண்டை வராமல் இருப்பதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். வெள்ளை போர்டு வண்டியை வெளியாளுக்கு வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸில் விரிசலோ வெல்டிங் அடித்த தடமோ இருக்கா? குறிப்பாக ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தில். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகுதா? மண் தரையில் ஃபோர் வீலும் லோ கியரும் விழுதா? தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தப் பழைய அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் கியர் பாக்ஸுக்குக் கேடு. 15 வருஷம் தாண்டிய வண்டியென்றால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய கடன் ஏதும் ஆர்.சி.யில் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் கையில் வாங்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 கையெழுத்தாகி, பெயர் மாற்றம் முடிந்தால்தான் வியாபாரம் முடிந்தது.

மண்ணும் புகையும்

இயற்கை விவசாயியிடம் பழைய டீசல் வண்டியா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புகை விடுகிற வண்டியை நான் நியாயப்படுத்த மாட்டேன். நாஸிலும் பம்பும் காலத்தில் சரிபார்த்தால் பழைய இன்ஜினும் கரும்புகை கக்காது. நாலு குடும்பத்துக்கு ஒரு வண்டி என்றால் மூன்று வண்டிக்கான இரும்பும் ரப்பரும் தேவைப்படவே இல்லை. ஆனாலும் ஓட்டம் குறைவாக இருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். தினம் டவுனுக்குப் போக ஜீப்பை எடுக்கிறவர் இந்தப் பத்தியைத் தனக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

வண்டி எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்பதற்காக வயலுக்குள்ளும் ஏற்றாதீர்கள். ஈரமண்ணில் சக்கரம் முதல் தடவை ஏறும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. மூடாக்குப் போட்டு, மண்புழுவை வரவழைத்து, வருஷக்கணக்கில் பொலபொலவென்று ஆக்கிய மண் ஒரே நடையில் கட்டாந்தரை ஆகும். தோட்டத்துக்குள் ஒரே ஒரு நிரந்தரத் தடம் வைத்துக்கொள்ளுங்கள். தடத்தில் வண்டி, மற்ற இடத்தில் கால். சரிவில் தடம் நேர்கீழாக இறங்கினால் மழைக்கு அது ஓடையாகிவிடும். குறுக்காக வளைத்து, அங்கங்கே தண்ணீர் வெளியேற வெட்டு விடுங்கள். இறங்கும்போது லோ கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் தேய்த்து மண்ணை அரிக்கும், பிரேக்கும் சூடாகி வலுவிழக்கும்.

நாம் கேட்க வேண்டியது

அமெரிக்க உழவர்கள் இந்தச் சண்டையைப் பல வருஷமாக நடத்துகிறார்கள். டிராக்டர் மென்பொருளை டீலருக்கு மட்டும் கொடுத்து, உழவரும் உள்ளூர் மெக்கானிக்கும் பழுது பார்க்க முடியாமல் செய்கிறது என்று ஜான் டீர் கம்பெனி மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமே 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் நுகர்வோர் துறை 2022-இன் இறுதியில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் இருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் இணையதளம் வேறு, கட்டாயச் சட்டம் வேறு.

பூச்சிக்கொல்லிக்கும் விதைக்கும் குரல் கொடுக்கிற நம் இயக்கம் இதையும் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கிராமத்தில் விற்கப்படும் எந்த வண்டிக்கும், டிராக்டருக்கும், களை எடுக்கும் கருவிக்கும் பழுதுபார்க்கும் கையேடு தமிழில் கிடைக்க வேண்டும். கோளாறைப் படிக்கிற கருவி உள்ளூர் பட்டறைக்கு நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பாகங்கள் இத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று விற்கும்போதே எழுதித் தர வேண்டும். இந்த மூன்றையும் வண்டி வாங்கும் முன் நாமே டீலரிடம் எழுத்தில் கேட்கத் தொடங்கலாம். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஊரே கேட்டால் மேலே எழுதிப் போடுவார்கள்.

அதோடு இன்னொரு வேலையும் நம் கையில் இருக்கிறது. எங்கள் மெக்கானிக்குக்கு அறுபதை நெருங்குகிறது. பட்டறையில் பையன் யாரும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த ஒரு பிள்ளையை அவரிடம் இரண்டு வருஷம் நிறுத்தி வைக்க, நாங்கள் நாலு குடும்பமும் இன்னும் சிலரும் சேர்ந்து உதவித்தொகை கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய கைவேலையும் புதுக் கம்ப்யூட்டரும் இரண்டும் தெரிந்த ஒருவர் ஊருக்கு வேண்டும். உங்கள் ஊரிலும் இதைப் பேசுங்கள். வண்டி வாங்குவதற்கு முன்னால் பேசினால் இன்னும் நல்லது.